ஒரு 'ர்' கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

தமிழில் செய்தி எழுதுவதில் மிகக் கடினமானது எது என்று பத்திரிகைத் தொழிலில் நீண்ட காலம் இருந்தவர்களிடம் கேட்டால், ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்வார்கள். சந்தி இலக்கணம் என்பார் ஒருவர். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் வரும் அறிக்கைகளை மொழிபெயர்ப்பது என்பார் மற்றொருவர். என்னைக் கேட்டால் வினைமுற்றின் கடைசி எழுத்துத்தான் என்பேன்.

ஆங்கிலப் பத்திரிகையாளருக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஜனாதிபதி வந்தாலும் தெருக்கூட்டும் தொழிலாளி வந்தாலும் அங்கு வினைச்சொல் ஒன்றுதான். தமிழில் எழுதுபவரோ ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு தீர்ப்பை வழங்கியாக வேண்டியிருக்கிறது. வந்தானா, வந்தாளா, வந்தாரா? அந்த ஓர் எழுத்தை எழுதுவதற்கு முன்னர், செய்தியில் வருகின்ற மனிதர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதை நமது மனம் தீர்மானித்துவிடுகிறது. எழுதுகின்ற கைக்குக் கூட அது தெரிவதில்லை.

பழைய தமிழ்ப் பத்திரிகைகளை நூலகங்களில் புரட்டிப் பார்த்தவர்கள் இதனைக் கவனித்திருப்பார்கள். ஊர்ப் பிரமுகர் 'காலமானார்'. தோட்டத் தொழிலாளி 'மரணமானான்'. கடலுக்குச் சென்றவர் 'காணாமற் போனான்'. மரம் ஏறியவர் 'விழுந்து இறந்தான்'. இறப்பு எல்லோருக்கும் ஒன்றுதான் என்று மயானத்தில் நின்று தத்துவம் பேசுகின்ற நாம், அந்த இறப்பை அறிவிக்கும் வாக்கியத்தில் மாத்திரம் ஆளுக்கொரு அளவுகோலை வைத்திருந்தோம். இன்று நிலைமை பெருமளவு மாறியிருக்கிறது. எனினும் முற்றாக மாறிவிடவில்லை. 'சந்தேகநபர் கைது செய்யப்பட்டார்' என்று ஓர் இடத்திலும், 'பொலிஸாரைக் கண்டதும் ஓடினான்' என்று அதே செய்தியின் இன்னோர் இடத்திலும் வருவதை இப்போதும் காண்கிறோம். குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதியாகவே கருதப்பட வேண்டும் என்று 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பினுடைய 13ஆம் உறுப்புரை கூறுகிறது. நீதிமன்றம் கூடுவதற்கு முன்னரே அந்த ஒரு 'ன்' தண்டனையை அளித்துவிடுகிறது.

இவ்வளவு சிறிய விடயத்தை ஏன் இவ்வளவு பெரிதாக எழுத வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். நாளாந்த வாழ்வின் மரியாதைகள் எல்லாமே சிறியவைதான். அவற்றின் இயல்பே அது. ஒருவர் வந்தால் 'இருங்கோ' என்பது, கதவைத் தட்டிவிட்டு உள்ளே நுழைவது, கைமாறிய பொருளுக்கு ஒரு நன்றி, கால் பட்டால் ஒரு 'மன்னிக்கவும்', பெயரைச் சரியாக எழுதுவது, சொன்ன நேரத்திற்கு வர முடியாவிட்டால் முன்கூட்டியே அறிவிப்பது. இவற்றிற்குப் பணம் தேவையில்லை; பட்டம் தேவையில்லை. ஆனால் இவை மறுக்கப்பட்டவரிடம் கேட்டுப் பாருங்கள், எவ்வளவு பெரியவை என்று அவர் சொல்வார்.

நமது முன்னோருக்கு இது நன்கு தெரிந்திருந்தது. திருக்குறளின் அதிகார வரிசையைக் கவனியுங்கள். ஒன்பதாவது விருந்தோம்பல், பத்தாவது இனியவை கூறல், பதினோராவது செய்ந்நன்றி அறிதல். வந்தவரை வரவேற்பது, அவரோடு இனிமையாகப் பேசுவது, பெற்ற உதவியை மறவாதிருப்பது ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வைத்த வள்ளுவர், ஈகை பற்றிப் பேசுவதற்கு இருபத்து மூன்றாம் அதிகாரம்வரை காத்திருக்கிறார். அள்ளிக் கொடுப்பதற்குப் பொருள் வேண்டும். இன்சொல்லுக்கு மனம் ஒன்றே போதும். ஆகவே ஏழைக்கும் இயலக்கூடிய அறத்தை அவர் முதலில் சொல்லிவிட்டார் என்றே நான் கருதுகிறேன்.

'நன்றி' என்று வாயாற் சொல்லும் பழக்கம் நமக்கு இருக்கவில்லையே, அது ஆங்கிலேயர் விட்டுச் சென்ற பழக்கந்தானே என்று வாதிடுவோர் உண்டு. இந்த வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. பழந்தமிழில் நன்றி என்ற சொல் செய்யப்பட்ட நன்மையையே குறித்தது. அதனை அறிந்திருப்பதுதான் பண்பாகக் கொள்ளப்பட்டதே தவிர, வாய்விட்டு உச்சரிப்பது அன்று. இன்றும் கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகின்ற பேரப்பிள்ளைகள், தேநீர் கொடுத்த அம்மம்மாவுக்கு 'தாங்ஸ்' என்று சொன்னால், 'எனக்கேன் பிள்ளை தாங்ஸ் சொல்லுறாய், நான் என்ன பிறத்தியே?' என்று அந்த அம்மம்மா மனம் நோகிறார். உறவுக்குள் நன்றி சொல்வது உறவைத் தள்ளி வைப்பதாக அவருக்குப் படுகிறது. அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

ஆனால் அந்த அம்மம்மாவின் தலைமுறையினர் சொல்லாமலே செய்த மரியாதைகள் எத்தனை! வந்தவருக்கு முதலில் ஒரு செம்பு தண்ணீர். 'சாப்பிட்டியளே?' என்ற கேள்வி. விடைபெறும்போது 'போறன்' என்று சொல்லாமல் 'போட்டு வாறன்' என்பது. வந்தவர் புறப்பட்டால் படலைவரை கூடவே சென்று, அவர் தெருவில் திரும்பும்வரை நின்று பார்ப்பது. பந்தியில் பக்கத்து இலைக்காரர் முடிக்கும் முன்னர் எழும்பாதிருப்பது. செத்த வீடென்றால் சொல்லி அனுப்பாமலே போவது. இவை எந்தப் புத்தகத்திலும் படித்து வந்தவை அல்ல. நன்றி என்ற சொல் இல்லாமலே நன்றியும் பணிவும் அங்கு புழங்கின.

இந்த இடத்தில் நின்றுவிட்டால் கட்டுரை இனிதே முடிந்துவிடும். 'அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது, இந்தக் காலத்துப் பிள்ளைகள்தான் கெட்டுவிட்டார்கள்' என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடலாம். என் வயதினர் பலர் அவ்வாறுதான் எழுதுகிறார்கள். ஆனால் அந்தப் படலைக்கு உட்புறம் வழங்கப்பட்ட மரியாதைகளை மாத்திரம் சொல்லி, படலைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களை மறைப்பது பத்திரிகையாளன் செய்யத்தக்க காரியம் அன்று.

வந்தவருக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்த அதே வீடு, மற்றொருவருக்குக் கைகளைக் குவிக்கச் சொல்லி மேலிருந்து வார்த்தது. 'வாங்கோ, இருங்கோ' என்ற அதே நாக்கு, தன் தகப்பன் வயதுடைய ஒருவரைப் பெயர் சொல்லி 'எட, வாடா' என்றது. தேநீர்க் கடைகளில் ஒரு சாராருக்குக் குவளை, இன்னொரு சாராருக்குப் போத்தல். அதுவும் கடைக்கு வெளியே நின்று குடிக்க வேண்டும். 1920களின் பிற்பகுதியில் பாடசாலைகளில் சம ஆசனமும் சம போசனமும் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது அதனை எதிர்த்தவர்கள் விருந்தோம்பல் தெரியாதவர்கள் அல்லர். தமது வீட்டு விறாந்தையில் அவர்கள் மிகப் பண்பானவர்களாகவே இருந்திருப்பார்கள்.

பின்னர் 1957ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் கடைக் கதவுகள் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதனைத் தொடர்ந்த தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்களும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த போராட்டமும் நமது வரலாற்றில் பதிவாகியுள்ளன. கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலைப் படித்தவர்களுக்கு அந்த நாட்களின் சூடு தெரியும். அந்தத் தேநீர்க் கடைகளில் மனிதர்கள் கேட்டது என்ன? தேநீரையா? தேநீரை வீட்டிலும் குடிக்கலாம். மற்றவர் குடிக்கும் குவளையில், மற்றவர் இருக்கும் வாங்கில் இருந்து குடிக்கும் மரியாதையையே அவர்கள் கேட்டார்கள். மிகச் சாதாரணமான, அன்றாட மரியாதை. அதற்காக அடியும் உதையும் பட்டார்கள். உயிரையும் கொடுத்தார்கள். இதற்குப் பிறகும் இவற்றைச் 'சின்ன விடயங்கள்' என்று எவ்வாறு ஒதுக்க முடியும்?

எனவே மரியாதை என்பதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது எனது எண்ணம். மேலே நோக்கிச் செல்வது ஒன்று. பக்கத்திற்கும் கீழே என்று நாம் கருதும் இடத்திற்கும் செல்வது மற்றொன்று. முதலாவது நம்மிடம் தாராளமாக இருக்கிறது. அரச அலுவலகம் ஒன்றில் கால்மணி நேரம் நின்று பாருங்கள். ஒரு வசனத்திற்கு மூன்று 'சேர்' விழும். அதிகாரியின் அறைக்குள் நுழையும்போதே முதுகு தானாக வளைகிறது. அதே மனிதர் வெளியே வந்து, வாசலில் இருக்கும் காவலாளியிடம் 'டேய், அந்த சைக்கிளைத் தள்ளி வை' என்கிறார். உள்ளே காட்டியது மரியாதை அல்ல, பயம். அல்லது காரியம் ஆக வேண்டும் என்ற கணக்கு. நமக்கு எந்தப் பயனையும் தர முடியாத ஒருவரோடு எவ்வாறு நடந்துகொள்கிறோம் என்பதில்தான் நமது பண்பு இருக்கிறது.

புலம்பெயர்ந்த நமது உறவுகள் மத்தியிலும் இந்த இரட்டை வழக்கைக் காண்கிறேன். லண்டனில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது சாரதிக்கு நன்றி சொல்லிப் பழகியவர், ரொறொன்ரோவில் கதவைப் பின்னால் வருபவருக்காகப் பிடித்துக்கொண்டு நிற்பவர், கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வந்ததும் சாப்பாட்டுக் கடையில் மேசை துடைப்பவரை விரலைச் சொடுக்கிக் கூப்பிடுகிறார். அவருக்கு மரியாதை தெரியாது என்று சொல்ல முடியாது. அங்கே அதனைக் கடைப்பிடிக்காவிட்டால் நாகரிகம் அற்றவர் என்பார்கள். இங்கே கடைப்பிடித்தால், 'இவர் ஏன் இவனுக்கெல்லாம் நன்றி சொல்லுகிறார்' என்று பார்ப்பார்கள். ஊர் எதனை எதிர்பார்க்கிறதோ அதனையே மனிதர் செய்கிறார். ஊரின் எதிர்பார்ப்பை மாற்றினால் அவரும் மாறுவார்.

மலையகத்திலிருந்து கொழும்புக்கும் யாழ்ப்பாணத்திற்கும் வீட்டு வேலைக்கு வந்த பெண்களின் கதை இதனிலும் கசப்பானது. எட்டு வயதுப் பிள்ளை ஐம்பது வயதுப் பெண்ணை 'நீ, வா, போ' என்று அழைப்பதைப் படித்த குடும்பங்களிலே கண்டிருக்கிறேன். பெற்றோர் திருத்துவதில்லை. அந்தப் பிள்ளை பாடசாலையில் ஆசிரியருக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்கிறது. வீட்டில் தனக்குச் சோறு ஊட்டுபவரை ஒருமையில் ஏவுகிறது. இரண்டையும் நாமே கற்றுக் கொடுக்கிறோம். 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லைப் பிற இனத்தவரிடமிருந்து மாத்திரமல்ல, தமிழரிடமிருந்தும் கேட்டு வளர்ந்தவர்கள் அந்த மக்கள். இந்தியாவிலிருந்து தமது முன்னோர் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவடைந்ததை நினைவுகூர்ந்து, 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அவர்கள் நடந்தார்கள். அந்த நடைபயணத்தில் காணிக்கும் வீட்டுக்கும் சம்பளத்திற்கும் கேட்ட குரலோடு, எங்களை மலையகத் தமிழர் என்று மாண்போடு அழையுங்கள் என்ற குரலும் இருந்தது. ஒருவரை அவர் விரும்பும் பெயரால் அழைப்பது நம்மால் இன்றைக்கே செய்யக்கூடிய காரியம். அதற்கு வரவு செலவுத் திட்டத்தில் நிதி ஒதுக்கத் தேவையில்லை.

எழுத்தின் அலட்சியம் எவ்வளவு தூரம் காயப்படுத்தும் என்பதற்கு நமது நாட்டுப் பஸ் வண்டிகளிலே ஓர் உதாரணம் இருந்தது. கர்ப்பிணித் தாய்மாருக்கென ஒதுக்கப்பட்ட ஆசனத்தின் மேல் எழுதப்பட்ட தமிழில், 'தா' இருக்க வேண்டிய இடத்தில் 'நா' விழுந்து, படிப்பவர்கள் கூசிப்போகும் சொல்லாக அது மாறியிருந்தது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. ஆயினும் எழுதியதை ஒரு தடவை தமிழ் தெரிந்தவரிடம் காட்டிச் சரிபார்ப்போம் என்ற சிறிய அக்கறை எவருக்கும் தோன்றவில்லை. சட்டம் உரிமையைத் தரும். அந்த உரிமையை மனிதத்தன்மையோடு வழங்குவது தனி மனிதரின் கையில்தான் இருக்கிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். யுத்த காலத்தில் கொழும்பில் வாழ்ந்த தமிழர்கள் சோதனைச் சாவடிகளை மறந்திருக்க மாட்டார்கள். அடையாள அட்டையை நீட்டிவிட்டு, அது திரும்பிக் கைக்கு வரும்வரை மனம் அடித்துக்கொள்ளும். சில வேளைகளில் அது வீசப்பட்டும் வரும். ஒரு நாள் இரவு வேலை முடிந்து திரும்பும் வழியில், இளம் இராணுவச் சிப்பாய் ஒருவர் எனது அட்டையைப் பார்த்தார், பெயரைப் படித்தார், பின்னர் அதனை இரு கைகளாலும் நீட்டி 'ஸ்தூதியி அங்கிள்' என்றார். அவ்வளவுதான். யுத்தத்தின் நியாய அநியாயங்கள் எதுவும் அந்த ஒரு சொல்லால் மாறிவிடவில்லை. என்னைச் சோதிக்கும் அதிகாரமும் அவரிடமே இருந்தது. ஆனால் அன்றிரவு நான் வீட்டுக்குத் தலை நிமிர்ந்து போனேன். அந்தச் சொல்லைச் சொல்லும்படி அவருக்கு எவரும் கட்டளை இட்டிருக்க மாட்டார்கள்.

2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாடு முழுவதும் வரிசைகளில் நின்றபோதும் இதனைக் கண்டோம். நாட்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. வரிசையிலேயே உயிரிழந்தவர்களும் உண்டு. சண்டைகளும் நடந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் முன்பின் அறியாதவர்கள் ஒருவரையொருவர் 'அண்ணா', 'ஐயா', 'மல்லி' என்று அழைத்துக்கொண்டதையும், முதியவரின் இடத்தைப் பிடித்து வைத்து அவரை நிழலில் இருக்கச் சொன்னதையும், தண்ணீர்ப் போத்தல் கைமாறியதையும் நான் பார்த்தேன். அரசு கைவிட்ட இடத்தில் மனிதர்கள் மனிதர்களைத் தாங்கிக்கொண்டது இத்தகைய அற்ப மரியாதைகளால்தான்.

இனி, எனது தொழிலுக்கே திரும்புகிறேன். எல்லோருக்கும் 'ர்' கொடுக்க வேண்டும் என்று நான் ஆசிரியபீடங்களில் வாதிட்ட வேளைகளில் இரண்டு மறுப்புகள் எழுவதுண்டு. முதலாவது, கொலைகாரருக்கும் மரியாதையா என்பது. 'ர்' ஒரு பரிசு அல்ல என்பதே எனது பதில். அவர் செய்ததைச் செய்தி சொல்லட்டும், தண்டனையை நீதிமன்றம் சொல்லட்டும். நமது வாக்கியம் தன்னுடைய தரத்திலிருந்து இறங்கத் தேவையில்லை. அதனால் காக்கப்படுவது அவருடைய மதிப்பு அல்ல, நமது மதிப்பு.

இரண்டாவது மறுப்பு, தமிழில் நெருக்கத்திற்கு ஒருமைதானே அழகு என்பது. உண்மைதான். கடவுளையே நாம் 'நீ' என்கிறோம். கூடப் படித்த நண்பனை 'டேய்' என்று கூப்பிடாவிட்டால் அவன் கோபித்துக்கொள்வான். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நான் கைக்கொள்ளும் ஓர் எளிய அளவுகோல் உண்டு. நான் 'நீ' என்று அழைக்கும் அந்த மனிதர், என்னையும் திருப்பி 'நீ' என்று அழைக்க முடியுமா? முடியுமென்றால் அது அன்பு. முடியாதென்றால், பிள்ளைகளை அழைக்கும் செல்லத்தைத் தவிர, வேறு எந்தப் பெயரிட்டாலும் அது அதிகாரந்தான்.

தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் இதற்கு ஒரு சுவையான குறிப்பு இருக்கிறது. ஒருவரைப் பன்மையில் சொல்வது உலக வழக்கினால் வந்த உயர்சொல்லே அன்றி, இலக்கண முறையால் அமைந்தது அன்று என்கிறார் தொல்காப்பியர். அதாவது இந்த 'ர்' இலக்கணம் விதித்த கடமை அல்ல. மக்கள் தாமாக விரும்பி, ஒருவரையொருவர் உயர்த்திப் பேசிப் பழகியதால் மொழிக்குள் வந்து சேர்ந்த கொடை. மக்கள் கொடுத்ததை மக்களே சிலருக்கு மட்டும் என்று சுருக்கி வைத்தார்கள். ஆகவே அதனை எல்லோருக்கும் என்று விரித்துவிடுவதும் மக்களால் முடிந்த காரியமே. அதற்குப் புதிய இலக்கண நூல் எழுதத் தேவையில்லை, பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் தேவையில்லை.

இதை வாசிப்பவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும், நாளைக் காலையில் ஒன்று செய்து பாருங்கள். குப்பை எடுக்க வருபவர், பால் கொண்டு வருபவர், அலுவலக வாசலில் நிற்பவர், வீட்டைப் பெருக்குபவர் ஆகியோரில் ஒருவரையேனும் 'நீங்கள்' என்று அழையுங்கள். அவருடைய பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் நாள் அவருக்கும் கூச்சமாக இருக்கும், உங்களுக்கும் கூச்சமாக இருக்கும். ஒரு வாரத்தில் பழகிவிடும். உங்கள் பிள்ளைகள் அதனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதை மாத்திரம் மறந்துவிடாதீர்கள்.